காவடிப் பாட்டின் பழைய செஷன்: பிளக்-இன்களின் பழைய பதிப்புகள் ஏன் கைவிடப்படுவதில்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 2024 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு வேலை வந்தது. 2012-இல் அங்கேயே பதிவான ஆறு நிமிடக் காவடிப் பாட்டைத் தைப்பூசத்துக்கு மறுபடி வெளியிட வேண்டும். அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25. கேட்ட மாற்றங்கள் சிறியவை: தவில் கொஞ்சம் முன்னால் கேட்க வேண்டும், பின்பாட்டில் ஒரு வரி போக வேண்டும், ஊர்வலத்தில் ஒலிபெருக்கியில் போடுவதற்குக் குரல் இல்லாத வடிவம் ஒன்றும் வேண்டும். பாடிய பெரியவர் காலமாகிவிட்டார். ஆகவே மறுபதிவுக்கு வழியில்லை, பழைய செஷனை, அதாவது டிராக்குகளும் அமைப்புகளும் சேர்ந்த கோப்பை, திறந்தே ஆக வேண்டும்.

செஷன் கியூபேஸ் 6.5 என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், விண்டோஸ் 7-இன் 32-பிட் பதிப்பில் உருவானது. மொத்தம் 41 டிராக், 23 பிளக்-இன்கள் (ஒலியை மாற்றவோ உருவாக்கவோ உள்ளே சேர்க்கும் சிறு மென்பொருள்கள்), 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கூடத்தில் இப்போது அன்றாட வேலை நடப்பது விண்டோஸ் 11 கணினியில், கியூபேஸ் 13-இல். செஷன் கோப்பின் நகலை அதில் திறந்தார்கள். கோப்பு திறந்தது, அலைவடிவங்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. ஆனால் ஒன்பது பிளக்-இன்கள் காணவில்லை என்று பட்டியல் வந்தது. அந்த ஒன்பதைவிட அதிகச் சேதம் செய்தது, ஒழுங்காகத் திறந்துகொண்டதாகக் காட்டிய பத்தாவது பிளக்-இன்.

காணாமல் போனவை

ஒன்பதில் ஆறு 32-பிட் பிளக்-இன்கள், அதாவது இன்றைய 64-பிட்டுக்கு முந்தைய வகை. கியூபேஸ் 9 வந்த 2016 டிசம்பரிலிருந்தே அந்த மென்பொருள் 32-பிட் பிளக்-இன்களை ஏற்பதில்லை. மற்ற ஒலிப்பதிவு மென்பொருள்களில் லாஜிக் புரோ எக்ஸும் புரோ டூல்ஸ் 11-உம் 2013-இலேயே 64-பிட்டுக்கு மாறிவிட்டன. ஏபில்டன் லைவ் 10 அதை 2018-இல் செய்தது. மேக்கில் கதவு இன்னும் இறுக்கமாக மூடியது. 2019-இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினாவில் 32-பிட் நிரல் எதுவுமே ஓடாது, ஆகவே அதற்கு முந்தைய மொஹாவேயைத் தாண்டாத மேக்குகள் பல ஒலிக்கூடங்களில் இன்றும் மூலையில் இருக்கின்றன. விண்டோஸில் 32-பிட் பிளக்-இன்னை 64-பிட் மென்பொருளில் ஓடவைக்கும் ஜேபிரிட்ஜ் போன்ற பாலங்கள் உண்டு. ரீப்பருக்குள்ளும் எஃப்எல் ஸ்டுடியோவுக்குள்ளும் அந்தப் பாலம் கூடவே வருகிறது. டர்பனின் டவுன்ஷிப்புகளில் பிறந்த கோம் இசை எஃப்எல் ஸ்டுடியோவில் வளர்ந்தது என்பதால், இந்த ஊரில் பழைய 32-பிட் சிந்தசைசர்களுக்கு ஆயுள் கூடியதற்கு அந்தப் பாலமும் ஒரு காரணம். பாலத்தை இங்கேயும் முயன்றார்கள். ஆறில் நான்கு திறந்தன, இரண்டு கியூபேஸையே கவிழ்த்தன.

அடுத்த இரண்டு 64-பிட்டிலும் கிடைப்பவை, ஆனால் விஎஸ்டி3 வடிவத்தில் மட்டும். விஎஸ்டி என்பது கியூபேஸைத் தயாரிக்கும் ஸ்டைன்பெர்க் வகுத்த பிளக்-இன் தரம்; செஷனில் இருந்தவை பழைய விஎஸ்டி2. விஎஸ்டி2 பிளக்-இன்னை ஹோஸ்ட் மென்பொருள் (அதை ஏற்றிக்கொள்ளும் கியூபேஸ் போன்றது) அடையாளம் காண்பது நான்கு எழுத்துக் குறியீடு ஒன்றால். விஎஸ்டி3-இல் அது 128 பிட் நீளமுள்ள வேறு அடையாளம். 'இது அந்தப் பழையதன் வாரிசு' என்று தயாரிப்பாளர் நிரலுக்குள் எழுதி வைத்திருந்தால்தான் பழைய செஷன் புதியதைக் கண்டுகொள்ளும். எழுதாவிட்டால், ஒரே பெயர், ஒரே நிறுவனம், ஒரே பொத்தான்கள் என்று இருந்தாலும் ஹோஸ்டுக்கு அது அந்நியம்தான். ஸ்டைன்பெர்க் 2018 அக்டோபரிலிருந்து விஎஸ்டி2-க்குப் புதிய உரிம ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுவதில்லை. அதன் பிறகு முளைத்த நிறுவனங்கள் விஎஸ்டி2-ஐத் தரவே முடியாது. பழைய நிறுவனங்களும் ஒவ்வொன்றாக நிறுத்தி வருகின்றன. பதிவான வாத்திய ஒலிகளை வாசிக்கும் சாம்பிளரான கான்டாக்ட் 7-இல் விஎஸ்டி2 இல்லை என்பது நாதஸ்வரத்தையும் தம்புராவையும் அதில் ஏற்றிப் பயன்படுத்தும் எல்லாருக்கும் தெரியும்.

கடைசி ஒன்றின் நிலை வேறு. இன்ஸ்டாலர் கையில் இருந்தது, சீரியல் எண்ணும் ரசீதோடு இருந்தது. ஆனால் தயாரித்த நிறுவனம் மூடிவிட்டது, உரிமத்தைச் சரிபார்த்து இயக்கிவிடும் ஆக்டிவேஷன் சர்வர் இல்லை. நிறுவிய பின் அது ஒரு சவால் எண்ணைக் காட்டிப் பதில் எண்ணைக் கேட்கும். பதில் சொல்ல மறுமுனையில் ஆளில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள்தான், ஆனாலும் புதிய கணினியில் அதற்கு உயிர் கிடையாது.

திறந்தது, ஆனால் மாறிவிட்டது

பத்தாவது பிளக்-இன் சுருதி திருத்தி. பாட்டுக்கு முன் வரும் விருத்தம் தோடியில். 2012-இல் குரலின் நீண்ட கார்வைகளை மட்டும் லேசாகத் திருத்தும்படி அதன் வேகத்தை வைத்து, கமகம் வரும் இடங்களில் இன்னும் மெதுவாக இறங்கும்படி ஆட்டோமேஷன் (பாட்டு ஓடும்போது பொத்தானைத் தானே அசைக்கும் கோடு) வரைந்திருந்தார்கள். அதே பிளக்-இன்னின் புதிய பதிப்பு பழைய அமைப்பைப் படித்தது, எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. ஆனால் போட்டுக் கேட்டால் தோடியின் காந்தாரம் படிக்கட்டாக வெட்டுப்பட்டு வந்தது.

காரணம் எளிது, ஆனால் கண்ணில் படாது. பிளக்-இன்னின் திரையில் நமக்குத் தெரிவது மில்லிநொடி. செஷனில் சேமிக்கப்படுவது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு எண். பழைய பதிப்பில் வேகத்தின் எல்லை 0 முதல் 400 மில்லிநொடி, புதியதில் 0 முதல் 100. செஷனில் இருந்த 0.25 அன்று 100 மில்லிநொடியாக இருந்தது, இன்று 25 ஆகிவிட்டது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் அல்ல, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே இருக்கும். நொடிக்கு ஐந்து முறை என்று வைத்தால் ஒரு அசைவுக்கு 200 மில்லிநொடி. 25 மில்லிநொடியில் திருத்தும் பெட்டி அந்த அசைவின் வளைவு முழுவதையும் அருகிலுள்ள ஸ்வரங்களில் போய் ஒட்டிவிடும். 100 மில்லிநொடியில் அது பின்தங்கியே வருவதால் வளைவு பிழைக்கும்.

விஎஸ்டி2-இல் இதற்கு ஒரு அண்ணனும் உண்டு. அங்கே ஆட்டோமேஷன் அளவுருக்களின் (பொத்தான்கள் மாற்றும் அளவுகளின்) வரிசை எண்ணால் கட்டப்படுகிறது. புதிய பதிப்பில் நடுவில் ஒரு பொத்தானைச் செருகினால், ஏழாவதுக்கு வரைந்த கோடு இப்போது வேறு எதையோ ஆட்டும். எதிரொலியின் நீளத்துக்காக வரைந்தது அதன் ஒலி அளவைத் தூக்கிவிட்டுப் போகும். விஎஸ்டி3-இல் ஒவ்வொரு அளவுருவுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு, ஆனால் எல்லை மாறினால் அதே கதைதான்.

பழைய பதிப்பின் ஒலியே வேண்டும் என்று கேட்பதை ஏக்கம் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. அன்டாரெஸ் நிறுவனமே 2018-இல் வெளியிட்ட சுருதி திருத்தியான ஆட்டோ-டியூன் புரோவில், ஆட்டோ-டியூன் 5-இன் குணத்தைத் திருப்பித் தர கிளாசிக் என்று ஒரு முறையைச் சேர்த்தது. காது சொன்ன வித்தியாசத்தைத் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட இடம் அது. எல்லாப் பிளக்-இன்களிலும் இப்படி வித்தியாசம் இருப்பதில்லை. பல சமயம் திரைத் தோற்றத்தை மட்டும் பெரிதாக்கிப் புது எண் போட்டிருப்பார்கள்.

வித்தியாசம் உண்டா என்பதை வாதாடித் தீர்க்க வேண்டாம், ரத்துச் சோதனை செய்தால் போதும். ஒரே டிராக்கைப் பழையதிலும் புதியதிலும் ஒரே இடத்திலிருந்து 24 பிட்டில், டித்தரை (ஏற்றுமதியில் கலக்கும் நுண்ணிரைச்சலை) அணைத்து ஏற்றுமதி செய்து, இரண்டையும் ஒரு செஷனில் சாம்பிள் பிசகாமல் அருகருகே வைத்து, ஒன்றின் துருவத்தைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஓடும்போது ஒரே மாதிரி இருப்பது ரத்தாகி, வித்தியாசம் மட்டும் மிஞ்சும். மிச்சம் -90 டெசிபலுக்குக் கீழே என்றால் நிம்மதியாகப் புதியதற்கு மாறலாம். இந்தக் குரலில் மிச்சம் குரல் அளவுக்கே இருந்தது. கோரஸ், தானாக அலையும் ரிவெர்ப் போன்றவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது. அவை ஒரே பதிப்பில் இரண்டு முறை ஏற்றினாலும் ரத்தாகா.

பழைய கணினியை எழுப்புதல்

2012-இன் கணினி பின்னறையில் இருந்தது. பல ஆண்டாக நெட்வொர்க் கேபிள் செருகாமல், உறை போட்டு மூடி வைத்தது. இப்படிப்பட்ட கணினியை உடனே சுவிட்சைத் தட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசைதான் முதல் ஆபத்து. முதலில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, வேறு கணினியில் சாட்டா-யுஎஸ்பி கேபிளில் மாட்டி, குளோன்ஸில்லா என்ற நிரலால் முழு இமேஜ், அதாவது டிஸ்கின் முழு நகல், எடுத்தார்கள். எடுத்த பிறகும் ஓட்டுவது மூல டிஸ்கைத்தான். நகல் டிஸ்கின் வன்பொருள் எண் வேறாக இருப்பதால், கணினியோடு கட்டப்பட்ட ஆக்டிவேஷன் சில அதில் செத்துவிடும். நெட்வொர்க் கார்டையும் பிடுங்கக் கூடாது என்பது இதே காரணத்தால்தான். இணையம் வேண்டாம் என்றால் கேபிளைச் செருகாமல் இருந்தால் போதும். கார்டின் அடையாள எண்ணான மேக் (MAC) முகவரியை வைத்து 'இது அதே கணினிதான்' என்று பார்க்கும் உரிம முறைகள் உண்டு.

ஓட்டியபோது கியூபேஸ் திறந்தது, உரிமத்தை வைத்திருக்கும் யுஎஸ்பி டாங்கிளும் ஒளிர்ந்தது. சுருதி திருத்தி மட்டும் உரிமம் செல்லாது என்றது. பார்த்தால் கணினியின் தேதி 2010 ஜனவரி 1. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. சுவரிலிருந்து மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் ஓடும், போனதும் ஆரம்பத்துக்குத் திரும்பும். இணையத்தில் உள்ள கணினி பெரும்பாலும் நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். இணையமில்லாத கணினிக்கு அந்த வசதி இல்லை. சில உரிம முறைகள் கடைசியாக ஓடிய தேதியைக் குறித்து வைக்கும். இன்றைய தேதி அதற்கு முந்தியதாக இருந்தால் யாரோ கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி ஏமாற்றுவதாகவே எடுத்துக்கொள்ளும். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வாட்டிய நாட்டில் இந்த மூன்று வோல்ட் பேட்டரியைப் பார்க்காமல் விடுவது பெரிய அசட்டை. மாற்ற வேண்டிய முறை: மின் இணைப்பைப் பிடுங்கி, புதியதைப் போட்டு, விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் நேரே போய்த் தேதியைச் சரிசெய்து, அதற்குப் பிறகே விண்டோஸைத் திறப்பது. இடையில் தவறான தேதியோடு ஒரு முறை விண்டோஸ் திறந்தாலும் சில உரிமங்கள் அதையும் குறித்துக்கொள்ளும். இங்கே அப்படி ஆகவில்லை, தேதி சரியானதும் பிளக்-இன் வாய் திறந்தது.

டாங்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பனின் கடற்காற்றில் யுஎஸ்பி முனை கறுத்துப்போகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்த பின் செருகினால் பாதிப் புகார் தீரும்.

அதன் பிறகு பவுன்ஸ், அதாவது டிராக்குகளை ஒலிக்கோப்புகளாக எழுதி எடுப்பது. ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு முறை, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்டோடு ஒன்று. எல்லாம் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும், அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் தானே ஒன்றோடொன்று பொருந்தும். வேக ஏற்றுமதியைத் தவிர்த்துப் பாட்டின் நேரத்திலேயே ஓட்டினார்கள், ஏனென்றால் பழைய சாம்பிளர்கள் அவசரப்படுத்தினால் ஸ்வரங்களை விழுங்கும். எல்லா டிராக்கும் கூடும் மாஸ்டர் பஸ்ஸில் இருந்த கம்ப்ரஸரை (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அழுத்துவது) அணைத்துவிட்டுத்தான் ஸ்டெம்கள், அதாவது தனித்தனி டிராக் கோப்புகள். அதை விட்டுவைத்தால் ஒவ்வொன்றும் தனியாக அழுத்தப்பட்டு, கூட்டும்போது பழைய கலவை வராது. கம்ப்ரஸரோடு கூடிய முழுக் கலவை ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஆறு நிமிட ஸ்டீரியோ கோப்பு ஏறத்தாழ 95 எம்பி, மோனோ அதில் பாதி. 41 மோனோவும் 41 ஸ்டீரியோவும் சேர்ந்தால் 6 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. இவற்றோடு மிடி கோப்பு (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு), டெம்போ வரைபடம், ஒவ்வொரு பிளக்-இன்னின் ப்ரீசெட் (சேமித்த அமைப்பு), அதன் சன்னலின் ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ப்ரீசெட்டைப் படிக்க அந்தப் பிளக்-இன் வேண்டும், படத்தைப் பார்க்கக் கண் போதும்.

தவிலை முன்னே கொண்டுவருவதும் வரியை எடுப்பதும் புதிய கணினியில், இந்த ஸ்டெம்களைக் கொண்டே முடிந்தன.

மின்சாரம், இணையம், ரேண்ட்

இது வரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் பழைய, இணையம் கேட்காத பதிப்புகளுக்கு வேறு சில காரணங்களும் உண்டு.

லோட் ஷெடிங் கடுமையாக இருந்த காலத்தில் அது ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் நீடித்தது. 250 வாட் இழுக்கும் ஒலிக்கூடத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கு 625 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதி வரையே இறக்கலாம், அதாவது 600. இன்வெர்ட்டரில் ஆகும் இழப்பைச் சேர்த்தால் ஒரு பேட்டரி போதாது, இரண்டு போட்டவர்களுக்கு வேலை நிற்காது. ஆனால் கூடத்தில் விளக்கு எரிவதும் இணையம் இருப்பதும் வேறு வேறு. ஃபைபர் ரவுட்டருக்குச் சிறு யுபிஎஸ் போட்டாலும், தெருக்கோடியில் உள்ள கருவிக்கு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். செல்பேசிக் கோபுரத்தின் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆக நேரம் கேட்கும், ஒரு நாளில் மூன்று நான்கு முறை மின்சாரம் போனால் சார்ஜ் ஆகாமலே தீரும். அப்போது ஐலாக் என்ற உரிம முறையின் கிளவுடில் உள்ள உரிமம் பயனில்லை, அதற்கு இடைவிடாத இணைப்பு வேண்டும். அதே உரிமம் ஐலாக் யுஎஸ்பியிலோ கணினியிலோ இருந்தால் பிரச்சினை இல்லை. இங்கே வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கிளவுடை நம்புபவர் குறைவு.

மின்சாரத்தோடும் தொல்லை முடிவதில்லை. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் அருகே கடலடியில் வாக்ஸ், ஏஸ், மெயின்ஒன், சாட்-3 என்ற நான்கு கேபிள்கள் ஒரே நாளில் சேதமாயின. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோர நாடுகள் பலவற்றில் இணையம் படுத்துவிட்டது, தென்னாப்பிரிக்காவிலும் வெளிநாட்டுச் சேவைகள் தள்ளாடின. ஆக்டிவேஷன் சர்வர்கள் எல்லாம் வெளிநாட்டில்தான்.

பணக் கணக்கும் இருக்கிறது. 2011-இல் ஒரு டாலர் ஏறத்தாழ 7 ரேண்ட், 2023-இல் 18-ஐத் தாண்டியது. 199 டாலர் பிளக்-இன் அன்று 1,400 ரேண்ட் சொச்சம், பின்னால் 3,600 ரேண்ட்; வெளிநாட்டு மின்சேவைக்கான 15 சதவீத வாட் வரி இருந்தால் 4,000-ஐத் தாண்டும். பாட்டுக்குக் கொடுக்கும் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. பிளக்-இன் தயாரிக்கும் வேவ்ஸ் நிறுவனம் 2023 மார்ச் இறுதியில் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா மட்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. அதற்குப் பிறகும் இந்த ஊர்க் கூடங்களில் உள்ள எண்ணம் மாறவில்லை: டாலரில் மாதாமாதம் கட்டுவதைவிட, வாங்கிய பழைய பதிப்பை அதன் இயங்குதளத்தோடு உறையவைப்பது மலிவு.

உறையவைப்பது என்றால் உடைத்த நகல் அல்ல. இணையம் வேண்டாத பழைய பதிப்பு என்ற பேச்சில் பாதி உண்மையில் கள்ள நகலைப் பற்றியது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இன்ஸ்டாலரை இந்தப் பின்னறைக் கணினியில் ஏற்றினால், பாதுகாக்க நினைத்த டிஸ்கையே பலி கொடுத்ததாகிவிடும்.

எதை வைத்துக்கொள்வது

வாங்கும்போதே பார்க்க வேண்டியது உரிமம் எந்த வகை என்பது. ஃபேப்ஃபில்டரின் உரிமக் குறியீடு, வல்ஹல்லாவின் கீஃபைல், ரீப்பரின் உரிமக் கோப்பு, எஃப்எல் ஸ்டுடியோவின் ரெஜிஸ்ட்ரி கோப்பு ஆகியவை ஒரு சிறு கோப்பாக அல்லது சில வரி எழுத்தாக இருப்பவை. இன்ஸ்டாலரோடு அதைச் சேர்த்து வைத்தால், அது ஓடும் இயங்குதளமும் இருக்கும்வரை யார் தயவும் வேண்டாம். ரீப்பர் தன் பழைய பதிப்புகளையும் தன் தளத்தில் வைத்திருக்கிறது. யுஎஸ்பியில் எடுத்துக்கொண்டு போகும்படி நிறுவவும் விடுகிறது. மறுகோடியில் இருப்பவை டவுன்லோட் மேலாளர் வழியாக மட்டும் வருபவை. அந்த மேலாளர் பெரும்பாலும் இன்றைய பதிப்பையே தரும், நேற்றையதைக் கேட்டால் கைவிரிக்கும். நடுவில் டாங்கிள்.

வர்ச்சுவல் மெஷினில் (புதிய கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியில்) விண்டோஸ் 7-ஐப் போட்டு வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பவுன்ஸ் செய்வதற்கு மட்டும் அது போதும், டாங்கிளையும் பெரும்பாலும் உள்ளே அனுப்பிவிடலாம். ஆனால் கணினியோடு கட்டப்பட்ட உரிமங்கள் அதை வேறு கணினியாகவே பார்க்கும். சர்வர் இல்லாத பிளக்-இன்னுக்கு அது வழியல்ல. பழைய இரும்பையே வைத்திருப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றது 2020 ஜனவரி 14. அந்தக் கணினியை 'ஒரு நிமிடம்தான்' என்று கூட இணையத்தில் விடக் கூடாது. கோப்புகள் அதிலிருந்து வெளியே வரலாம். உள்ளே போக வேண்டியவை புதிய கணினியில் வைரஸ் சோதனை முடித்த ஒரே யுஎஸ்பி வழியாக மட்டும்.

ஸ்டைன்பெர்க் தன் பழைய டாங்கிள்களுக்கான இ-லைசென்சர் சேவையை 2025 மே 20-இல் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே உரிமம் ஏறிய டாங்கிள் தொடர்ந்து வேலை செய்யும். உடைந்தாலோ தொலைந்தாலோ அந்த உரிமத்தை மீட்க வழியில்லை. ஆகவே இந்தக் கூடத்தில் டாங்கிளை நம்பி நிற்கும் மீதிப் பழைய செஷன்களைப் பவுன்ஸ் செய்யும் வரிசை மாற்றப்பட்டது. யாருடைய குரலை இனி பதிய முடியாதோ அவர்களுடைய பாடல்கள் முதலில். அடுத்து நாதஸ்வரம், தவில், உடுக்கை நேரில் வாசித்துப் பதிவானவை. சாம்பிளரில் மட்டும் செய்தவை கடைசியில், மிடி கோப்பும் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் அவற்றைப் புதிய பிளக்-இன்னில் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.